பெரியாஸ்பத்திரி கஞ்சிக்கு அண்டாவும் அரிசியும் வேண்டும்

வணக்கம். எங்கள் பங்குக் கோயிலின் வின்சென்ட் தே பவுல் சபை (ஏழைகளுக்கு உதவ 1833இல் பாரிஸில் மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது) சார்பில் ஞாயிறுதோறும் மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு வெளியே கஞ்சி கொடுக்கிறோம். நோயாளிக்கு உள்ளே சாப்பாடு உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை, தேனியிலிருந்து துணைக்கு வந்தவர்கள்தான் பாவம், டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறார்கள்.

போன வாரம் அண்டா காலியான பிறகு ஒரு அம்மா வந்தார். கையில் மூடி இல்லாத தூக்குவாளி, கக்கத்தில் ஸ்கேன் கவர். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

வருகிற ஞாயிறுக்கு இன்னும் 20 கிலோ நொய்யரிசி, 5 கிலோ பாசிப்பருப்பு, ஒரு பெரிய அண்டா தேவை. அண்டா இரவலாக இருந்தாலும் போதும், தேய்த்துக் கொண்டுவந்து தந்துவிடுவோம். அப்புறம், காலை 5 மணிக்கு அடுப்படிக்கு ரெண்டு பேர் வேண்டும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் வாங்க. முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.