வகுப்பறைக்கு வெளியே அறிவியல்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அது படிப்பா, பொழுதுபோக்கா?

கட்டபெட்டுத் தாய்:
என் மகள் நீலகிரியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இந்தக் கல்வியாண்டிலிருந்து அவளுடைய பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பாடவேளைகள் வெளியே அறிவியல் நடத்துகிறார்கள். இலை சேகரிக்கிறார்கள், மண்ணை நீரில் கரைத்துப் பார்க்கிறார்கள், மழையை அளக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. வாரத்துக்கு 80 நிமிடம் என்றால் 40 வாரங்களில் 53 மணி நேரம் அதற்கே போய்விடுகிறது. தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க இன்னும் தடுமாறுகிற பிள்ளைக்கு இது சிறிய நேரமன்று. காலையில் தேயிலை பறிக்கப் போய் மாலையில் திரும்பும் என்னைப் போன்றவர்களால் வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க முடிவதில்லை. பள்ளியில் வாசிக்கப் பழகாவிட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. காட்டையும் மேட்டையும் காட்டுவதற்கு ஆசிரியர் எதற்கு? அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

ஈராசிரியர் பள்ளி:
வணக்கம் அம்மா. கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆயினும் வெளியே செலவாகும் நேரம் வாசிப்பிலிருந்து கழிந்துபோகிறது என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒரு நாள் நானே அடுப்பில் நீரை வைத்து, அவர்களை எட்ட நிற்கச் சொல்லி, சிவப்புத் திரவம் உள்ள வெப்பமானியை நீரில் பிடித்தேன். நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோதும் சிவப்புக் கோடு 94-இலேயே நின்றுவிட்டது. வெப்பமானி கெட்டுவிட்டது என்றார்கள். அதைச் சோதிக்க வழி உண்டா என்று கேட்டேன். மறுநாள் கடையில் பனிக்கட்டி வாங்கி, நொறுக்கி, அதற்குள் வைத்தோம். கோடு சரியாக 0-இல் நின்றது. கருவி சரியென்றால் நீர்தானே மாறியிருக்க வேண்டும்? எங்கள் ஊர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, ஆகவே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. நான் இதை விளக்கி முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, குக்கர் இல்லாமல் பாட்டி வைக்கும் பருப்பு வேகவே வேகாது என்றாள். அன்று பாடநூலின் அந்தப் பக்கத்தை, ‘கடல் மட்டத்தில்’ என்ற சொல் அதில் உண்டா என்று தேடுவதற்காகவே, வரிவரியாக எல்லோரும் வாசித்தார்கள். வாசி என்று நான் சொல்லவில்லை.

கட்டபெட்டுத் தாய்:
நீங்கள் சொல்வது போல் நடந்தால் நான் ஏன் எதிர்க்கப் போகிறேன்? நான் பார்த்தது வேறு. மகளின் அறிவியல் ஏட்டையும் அவளுடைய தோழிகள் மூவரின் ஏடுகளையும் வாங்கிப் பார்த்தேன். ‘ஆவியாதல்’ என்பது நான்கிலும் ‘ஆவியாதள்’ என்றே இருக்கிறது. நான்கிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே எண்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டதை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். ஆசிரியர் செய்து காட்டுகிறார், முன்னால் நிற்கும் ஐந்து பேர் பார்க்கிறார்கள், பின்னால் நிற்பவர்கள் புல்லைப் பிடுங்குகிறார்கள், பிறகு எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கதையை வாசிக்க வைத்திருக்கலாமே. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் பின்தங்கிவிட்டதால்தான் அரசே 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. என் மகள் அந்த ஆண்டுகளின் பிள்ளை.

ஓய்வுபெற்ற வனக் காவலர்:
இருவரும் படிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பிள்ளைகளின் உயிரைப் பற்றிய அச்சம் இருக்கிறது. தேயிலைச் செடி ஒரு சிறுவனின் இடுப்பளவு உயரம். அதற்குள் சிறுத்தை படுத்திருந்தால் பத்தடி தூரத்திலும் தெரியாது. கன்றுடன் நிற்கும் காட்டுமாட்டின் அருகே கூச்சலுடன் முப்பது பிள்ளைகள் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் வாசனைக்குச் சமையல் கூடம் வரை கரடி வருகிற மலை இது. வேலிக்கு உள்ளே நடத்துங்கள். காலை பத்து மணிக்கு முன்பும், மூடுபனி இறங்கிய பின்பும் வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். இரண்டு பெரியவர்கள் இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள். இதற்கு மேல் நான் எதிர்ப்பவன் அல்லன்.

உதகை மூன்றாம் வகுப்பு:
உதகையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் நான். காவலர் ஐயா சொன்ன வேலிக்குள்ளேயே நிறையச் செய்யலாம். ஜனவரியில் ஒரு மாலை இரண்டு எவர்சில்வர் தட்டுகளை வைத்துவிட்டுப் போனோம். ஒன்று மைதானப் புல்லின் மேல், மற்றொன்று தாழ்வாரக் கூரையின் கீழ். காலையில் முதல் தட்டில் உப்புத் தூவியது போல் உறைபனி. இரண்டாவது வெறும் ஈரம். மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் வானத்தை நோக்கிப் போய்விடுகிறது, கூரை அதைத் தடுக்கிறது. தேயிலை நாற்றுகளை அப்பா ஏன் காய்ந்த செடிகளால் மூடுகிறார் என்பதை அன்று ஒரு சிறுவன் மற்றவர்களுக்கு விளக்கினான். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவன். வீட்டில் படுக மொழி பேசுபவன். பாடநூல் தமிழில் பேசத் தயங்குவான். கையால் தொட்ட ஒன்றைப் பற்றிப் பேசும்போது அந்தத் தயக்கம் விலகியதைக் கண்ணால் கண்டேன்.

ஈராசிரியர் பள்ளி:
கட்டபெட்டு அம்மா சொன்ன ஏடுகளைப் பற்றி இரண்டு நாள்களாக யோசித்தேன். அது உண்மையான குறை. எங்கள் பள்ளியிலும் முதல் ஆண்டு அப்படித்தான் நடந்தது. ஏட்டில் எல்லாம் சரியாக இருந்தால் பார்வையிட வருபவர்கள் மகிழ்வார்கள் என்பதால் நானே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

மாற்றியது மழை அளக்கும்போதுதான். நேரான பக்கங்களுள்ள தகரக் குவளைகள் ஆறு. ஒவ்வொரு குழுவும் அடிக்கோலால் தானே அளந்து, கரும்பலகையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் ஐந்து குழுக்கள் 31 முதல் 34 மில்லிமீட்டர் வரை எழுதின. ஒரு குழு 19 எழுதியது. அழித்துவிட்டுத் திருத்த அவர்கள் ஓடினார்கள், நான் விடவில்லை. போய்ப் பார்த்தால் அவர்களுடைய குவளை சீகை மரத்தின் கீழே இருந்தது. பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களில் அன்று பிழைகள் ஏராளம், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வாக்கியம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது என்று சொன்னபோது, தங்கள் குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாணவர் 60 பேர் வரை ஆசிரியர் இருவர் போதும் என்கிறது சட்டம். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறோம். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று வெளியே போக முடியாது. அரசுப் பள்ளிகளுக்கான நடமாடும் அறிவியல் ஆய்வகமான ‘வானவில் மன்றம்’ நல்ல திட்டம், ஆனால் அது 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கானது. தொடக்கப் பள்ளிக்கு வெப்பமானி வாங்குவதும் எங்கள் கைப்பணத்தில்தான்.

கட்டபெட்டுத் தாய்:
பத்தொன்பதை அழிக்க விடாததற்கு நன்றி. என் மகளின் பள்ளியில் அப்படி நடக்கிறதா என்று கேட்கப் போகிறேன். இரண்டு பாடவேளைகள் அதிகம் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஒன்றை வெளியே வைத்து, மற்றொன்றில் பார்த்ததைத் தானே எழுதி, எழுந்து நின்று வாசிக்கச் செய்யட்டும். திங்கள்கிழமை அரை நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன், தலைமையாசிரியரைப் பார்க்க. நான்கு ஏடுகளையும் கையோடு கொண்டு போகிறேன்.

ஈராசிரியர் பள்ளி:
கொண்டு போங்கள் அம்மா. ஆனால் பிள்ளைகளின் பெயர் தெரியாதபடி அட்டையை மறைத்துக் காட்டுங்கள்.