புதுப்பிப்பு: கிளைகோஃபோரின் ஏ நீர்விலக்கு வரைபடம் சரியாக வந்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. சிவப்பணுச் சவ்வில் இருக்கும் கிளைகோஃபோரின் ஏ புரதத்தின் நீர்விலக்கு வரைபடம் (புரதத்தின் எந்தப் பகுதி நீரை விலக்குகிறது என்று காட்டுவது) ரம்பப் பல்லாக வருகிறது, சவ்வைக் கடக்கும் பகுதியே பிடிபடவில்லை என்று கேட்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறையில் டியூஷன் பிள்ளைகளுக்குக் காட்டத்தான்.

ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் நீர்விலக்கு மதிப்பு தரும் கைட்-டூலிட்டில் அளவுகோலை அப்படியே வைத்து, சாளரத்தை (ஒரே நேரத்தில் சராசரி எடுக்கும் அமினோ அமிலங்களின் எண்ணிக்கையை) 9-லிருந்து 19 ஆக்கச் சொன்ன சித்தூர் அண்ணனின் யோசனைதான் பலித்தது. சவ்வைக் கடக்கும் சுருள் ஏறத்தாழ அந்த நீளம். இப்போது, சவ்வைக் கடக்கும் பகுதிக்கு அடையாளமாக வைக்கும் 1.6 கோட்டைத் தாண்டி 2.7 வரை ஏறும் மேடு பளிச்சென்று தெரிகிறது. ஹாப்-வுட்ஸ் என்ற இன்னொரு அளவுகோலும் போட்டுப் பார்த்தேன். அதில் நீர்நாட்டம்தான் மேலே ஏறும், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

எதிர்பாராதது ஒன்று: தொடக்கத்திலேயே இன்னொரு மேடு, 2.0 உயரத்தில்! யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் இருப்பது 150 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடி வடிவம். முதல் 19 சமிக்ஞைத் துண்டு, அதாவது புரதத்தைச் சவ்வுக்கு வழிகாட்டிவிட்டு வெட்டப்பட்டுவிடும் பகுதி. நீரை விலக்கும் ஐசோலியூசினும் லியூசினும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அதை வெட்டியதும் ஒரே மேடுதான். அப்புறம் எண்களும் 19 குறையும்: 92-இல் தொடங்கும் சவ்வுப் பகுதி 73 ஆகிவிடும். பாடநூல்களில் இந்த 73-தான் இருக்கும், தேடுபவர்கள் கவனிக்கவும்.