மை கொட்டினால் மலையாகுமா? ஜாங் தாச்சியனை முன்வைத்து ஒரு சண்டை

நீலமேகம்:
சீன ஓவியர் ஜாங் தாச்சியன் 1982இல் வரைந்த ‘பீச் மலர் ஊற்று’ 2016இல் ஹாங்காங் ஏலத்தில் 27 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் விலைபோனது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலமும் பச்சையும் கொட்டிக் கிடக்கின்றன. அடியில் ஒரு படகு, கொஞ்சம் பூமரங்கள். அமெரிக்க ஓவியர் பொல்லாக் தரையில் துணியை விரித்து வண்ணம் சொட்டியது 1947இல். ஜாங் வண்ணம் கொட்டத் துணிந்தது 1960களில், பிரேசிலில் வாழ்ந்தபோது. மேலைநாட்டுப் பாணிக்குச் சீனச் சட்டை மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இது ஆயிரம் ஆண்டுச் சீன மரபின் தொடர்ச்சி என்ற பேச்சு எனக்குச் செரிக்கவில்லை.

படிகாரம்:
சட்டையைக் கழற்றி உள்ளே பாருங்கள் நண்பரே. பொல்லாக் சொட்டியது கோடு. குச்சியிலிருந்து இழை இழையாக விழுந்து பின்னிக்கொள்ளும். ஜாங் ஊற்றியது குளம். கிண்ணத்து மையை ஈரப்பரப்பில் கவிழ்த்து, அது போகும் போக்கைச் சாய்த்துத் திருப்புவார். காய்ந்தபின் அதன்மேல் நீலம், பச்சை. இரண்டும் செப்புத்தாதுக் கற்களை அரைத்துப் பசையில் குழைத்தவை. கனமான பொடி என்பதால் பள்ளத்தில் தங்கும், மேட்டில் மெலியும். இதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். சாதாரணத் தாளில் எல்லாம் உறிஞ்சப்பட்டுச் சேறாகிவிட்டது. படிகாரமும் பசையும் பூசிய தாளில்தான் குளம் நின்றது. அன்றிலிருந்து இந்தப் புனைபெயர்!

நீலமேகம்:
பொல்லாக் வேண்டாம் என்றால் இன்னொரு அமெரிக்க ஓவியர் ஃபிராங்கென்தாலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் ‘மலைகளும் கடலும்’. அதுவும் குளம்தான், தலைப்பிலேயே மலை இருக்கிறது.

படிகாரம்:
நல்ல அடி. ஆனால் அவர் பூச்சில்லாத துணியில் நீர்த்த வண்ணத்தை ஊறவிட்டார். ஜாங் ஊறாமல் தடுத்தார். அங்கே வண்ணமும் துணியும் ஒன்றாகிவிடும். இங்கே நீலக்கல் மேலே படிந்து தெரியும். அந்த நீலமும் பச்சையும் ஜாங்குக்குப் பிரேசிலில் கிடைத்தவை அல்ல. 1941 முதல் 1943 வரை சீனாவின் துன்ஹுவாங் பௌத்தக் குகைகளில் உட்கார்ந்து சுவரோவியங்களைப் படியெடுத்தவர் அவர். சீன ஓவியர் வாங் ஷிமெங் 1113இல் பட்டில் தீட்டிய, 11 மீட்டருக்கும் மேல் நீளும் மலைச்சுருளிலும் இதே இரண்டு வண்ணங்கள்தான். வண்ணம் பழையது, ஊற்றும் கை புதியது.

குறுக்குசால்:
இடையில் ஒரு வார்த்தை. படியெடுப்பதில் இவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு பாஸ்டன் அருங்காட்சியகமே சாட்சி. பத்தாம் நூற்றாண்டு ஓவியம் என்று 1957இல் வாங்கினார்கள். பிறகு பார்த்தால் ஜாங்கின் கைவேலை. இப்படிப்பட்டவர் தன் மரபைப் பற்றிச் சொல்வதை நம்பச் சொல்கிறீர்களா?

படிகாரம்:
நம்ப வேண்டாம், கையைப் பாருங்கள். எல்லாக் காலத்துக் கோடுகளும் வசப்பட்ட ஒருவருக்கு 1957இல் சர்க்கரை நோயால் கண் கெட்டது. மயிரிழைக் கோடு இனி வராது. அதன்பிறகுதான் ஊற்றுகிறார். என் பார்வையில் பாரிஸும் நியூயார்க்கும் இரண்டாம் காரணம், கண்தான் முதல் காரணம்.

நீலமேகம்:
கண் கெட்டவர் ஏன் பெரிய தூரிகையை எடுக்காமல் கிண்ணத்தை எடுத்தார்? 1956இல் பிரான்சுக்குப் போய்ப் பிக்காசோவைச் சந்தித்தவர். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாதவரா?

படிகாரம்:
தெரிந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தாங் அரசர்கள் காலத்து ஓவியர் வாங் மோவின் கதையும் அவருக்குத் தெரியும். தன் முறைக்கு அவரையே முன்னோடியாகச் சொன்னார். வாங் மோ குடித்துவிட்டு மையை வீசுவாராம், காலால் உதைப்பாராம், கையால் தேய்ப்பாராம். விழுந்த வடிவத்தைப் பின்பற்றியே மலை, மேகம், நீர் எல்லாம் எழுமாம். ஜாங் செய்வதும் அதுதான். ஊற்றியபின் நாள்கணக்கில் பார்த்து, எங்கே பாறை, எங்கே அருவி என்று கண்டுபிடித்துச் சிறிய தூரிகையால் நாலு மரம், ஒரு வீடு. அந்த வீட்டை விரலால் மறைத்துப் பாருங்கள், மலை வெறும் கறையாகிவிடும்.

நீலமேகம்:
வாங் மோவின் ஓவியம் ஒன்றுகூட இன்று இல்லை. கதை மட்டும்தான். அந்தக் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள்: முடிந்த படத்தில் மை கொட்டிய தடமே தெரியாது என்றுதான் தாங் காலத்து நூல் அவரைப் புகழ்கிறது. அவர் கறையை ஒளித்தார்; ஜாங் நடுவில் வைத்துக் காட்டுகிறார். ஒளிப்பதே திறமை என்றிருந்த இடத்தில் காட்டும் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

குறுக்குசால்:
இதற்குப் பதில் சொல்லுங்கள் படிகாரம். இப்போது நானும் அவர் பக்கம்.

படிகாரம்:
இரண்டு நாள் யோசித்தேன். துணிச்சலில் மேற்கின் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்ட படத்துக்குச் சுவரில் இடம் உண்டு என்று அவருக்குக் காட்டியது அந்த உலகம்தான். ஆனால் கறையோடு நிற்காமல் அதை மலையாக்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் அங்கிருந்து வரவில்லை. 1981இல் தொடங்கிய, சீனாவின் லூ மலையைக் காட்டும் படத்தைப் பாருங்கள். பத்து மீட்டர் பட்டு, எண்பது வயது தாண்டிய மனிதர், 1983இல் இறக்கும்வரை தீட்டினார். லூ மலைக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

நீலமேகம்:
போகாத மலையா? அது தெரியாது. தைபெய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருப்பதுதானே? இன்றிரவு பெரிதாக்கிப் பார்க்கிறேன். வீடுகளை விரலால் மறைத்துத்தான்.