புதுப்பிப்பு: ஒன்பது வேலையில் எட்டை அடித்த பிறகு

'இந்த வருஷம் ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்யணும், எங்கே தொடங்குவது?' என்று ஒன்பது வேலைகளைப் பட்டியலிட்டு இங்கே கேட்டிருந்தேன் (பாலக்காடு, சித்தூர் தாலுகா). பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

'பட்டியலில் எட்டை அடித்துவிட்டு, அடுத்த கிராம சபைக்குத் தெருவிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிப் போங்கள்' என்று இங்கே ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான் பலித்தது. கேரளத்தில் கிராம சபை வார்டு வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை). எங்கள் வார்டில் சுமார் 1,200 ஓட்டு, ஆக 120 பேர். முந்தைய கூட்டம் ஆள் போதாமல் தள்ளிப்போனது. இந்த முறை எங்கள் தெருவிலிருந்து மட்டும் 14 பேர். பாதிப் பேர் சாயாவுக்காக வந்தார்கள் என்பது வேறு விஷயம். கூட்டம் நடந்தது, தெருவிளக்குக் கோரிக்கை தீர்மானத்தில் ஏறியது. விளக்கு இன்னும் வரவில்லை.

எதிர்பாராத ஒன்று: தமிழில் கொடுத்த மனுவை முதலில் மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலும் எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்வதை (இங்கே ஒரு அக்கா போட்டிருந்தது) எடுத்துச் சொன்னதும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம், வார்டு மெம்பர் என்னைப் பஞ்சாயத்தின் குடிநீர் செயற்குழுவில் சேரச் சொன்னார். சரி என்றேன்.