பாயிண்ட் அண்ட் ஷூட்: ‘குறிவைத்துச் சுடு’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

குடும்பத்துக்கு ஏற்ற சிறிய பிலிம் கேமராவைத் தேர்ந்தெடுப்பது பற்றிய நம் கையேடு முதல் வரியிலேயே நிற்கிறது. பார்த்துப் பொத்தானை அழுத்தினாலே படம் எடுத்துவிடும் கேமராவை ஆங்கிலத்தில் ‘பாயிண்ட் அண்ட் ஷூட்’ என்பார்கள்; அதற்குத் தமிழ்ச் சொல் தருமாறு உங்களிடம் கேட்டு இரண்டு வாரம் ஆயிற்று. குறிவைத்துச் சுடு படக்கருவி, இலக்குநோக்கி, கையடக்கப் படமி, எளிய கேமரா, அமுக்கு கேமரா என்று வரிசையாக வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. முதல் சண்டை இதனோடு:

> ‘குறிவைத்துச் சுடு’ என்பதில் மூலத்தில் உள்ள இரண்டு வினைகளும் அப்படியே வந்துவிடுகின்றன. இதைவிடத் துல்லியமான பெயர்ப்பு இருக்க முடியாது.

ஐயா, வினைகள் வந்துவிட்டன, படம்தான் வரவில்லை. தமிழில் படத்தை எடுப்போம், பிடிப்போம். ஷூட்டிங்கைப் படப்பிடிப்பு என்று சொன்ன தலைமுறை சுடுதலைத் தொடவே இல்லை. அவர்களுக்குக் காது இருந்தது. நமக்குச் சுட்டால் தோசை, துப்பாக்கி, வெயில். அதற்கும் மேல் போனால் அடுத்தவர் படத்தைத் திருடுவதும் சுடுவதுதான். காதுகுத்து விழாவுக்கு மாமா கையில் குறிவைத்துச் சுடு கருவியோடு வந்தார் என்று எழுதிப் பாருங்கள், காவல் நிலையத்துக்கு யாராவது போன் செய்வார்கள்.

‘இலக்குநோக்கி’ என்பது வ்யூபைண்டருக்கு, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் துளைக்கு, பொருந்தக்கூடும். முழுக் கேமராவுக்கு அது பொருந்தாது.

‘கையடக்க’ என்ற அடைமொழியில்தான் உண்மையான குழப்பம். அளவு ஒன்று, வேலை செய்யும் முறை வேறொன்று. 1979இல் ஜப்பானிலிருந்து வந்த இரண்டு கேமராக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பஸ் எக்ஸ்ஏ சட்டைப் பைக்குள் போய்விடும். ஆனால் எடுப்பவர் துளைக்குள் பார்த்து இரண்டு பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால்தான் படம் தெளியும். பார்த்தவுடன் அமுக்குகிற சமாச்சாரமே இல்லை. அதே ஆண்டு வந்த கேனான் ஏஎஃப்35எம் சட்டைப் பைக்கு அடங்காத பெட்டி. ஆனால் அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரத்தைத் தானே அளந்துகொள்ளும். நீங்கள் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. கையடக்கம் என்ற சொல்லை நம்பிக் கடைக்குப் போகிறவர் முதலாவதை வாங்கிவந்து பாட்டியின் கையில் கொடுத்துவிடுவார். ஆகவே ‘கையடக்க’ என்பது சிறிய அளவைக் குறிக்கும் ‘காம்பாக்ட்’ என்பதற்கு மட்டும் இருக்கட்டும். நமக்கு வேண்டியது வேறு சொல்.

‘எளிய கேமரா’ என்பதில் எனக்குச் சொந்தப் பகை உண்டு. 1996இல் எங்கள் மகளின் காதுகுத்துக்காக ஒரு கேமரா வாங்கினேன். கடைக்காரர் “எல்லாம் ஆட்டோமேட்டிக், ரொம்ப எளிது” என்றார். பெட்டியின்மேலும் ஆட்டோ என்றே அச்சிட்டிருந்தது. மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் ஊசி, நான் இரண்டடி தூரத்தில் மண்டியிட்டு ஒரு சுருள் முழுவதையும் முடித்தேன். கழுவி வந்த படங்களில் பின்சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தேதியைப் படிக்க முடிந்தது. காதைத்தான் காணவில்லை, கன்னமும் காதும் கண்ணீரும் கலந்த ஒரு மங்கல். மாமனார் ஸ்டூடியோக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். பாவம், அவர்மேல் தவறில்லை. அந்தக் கேமராவில் தானாக நடந்தவை இரண்டுதான்: மோட்டார் சுருளை நகர்த்தியது, இருட்டில் பிளாஷ் எரிந்தது. லென்ஸ் தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே அசையாமல் இருந்தது. அந்த மாதிரிக் கேமராவில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருப்பதுதான் தெளிவாக விழும். ‘எளிய’ என்ற ஒரு சொல்லுக்குள் இது அத்தனையும் ஒளிந்துகொண்டிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், தலைச்சொல் எதுவாக இருந்தாலும் அதற்குக் கீழே மூன்று கிளைச்சொற்கள் இல்லாமல் கையேட்டை வெளியிடக் கூடாது. லென்ஸைக் குவிப்பது யார்? இதற்கு விடை சொல்லும் சொற்கள்.

இங்கே ‘பிக்ஸட் போகஸ்’ என்பதற்கு அகராதிக் குழு தந்த ‘நிலைக்குவியம்’ என்ற பரிந்துரையை மறுக்க வேண்டியிருக்கிறது. பள்ளிப் பாடநூலில் குவியம் என்பது ஒரு புள்ளி; குவியத் தொலைவு என்பது லென்ஸின் அளவு. ஜூம் இல்லாத லென்ஸுக்குக் குவியத் தொலைவு மாறாது. ஆகவே ‘நிலைக்குவிய லென்ஸ்’ என்றால் படித்தவர் எவரும் ஜூம் இல்லாதது என்றே கொள்வார். நாம் சொல்லவந்தது தூரத்துக்கேற்பக் குவிக்க முடியாதது என்று. ஜூம் இல்லாத, அதே சமயம் அருமையாகத் தானே குவித்துக்கொள்கிற கேமரா இருக்கிறது. 1997இல் வந்த ஒலிம்பஸ் மியூ 2 அப்படிப்பட்டதுதான்: ஜூம் இல்லாத 35 மி.மீ. லென்ஸ், ஆனாலும் 35 செ.மீ. வரை நெருங்கலாம். அதைப் போய் நிலைக்குவியம் என்று ஒதுக்கிவிடுவார்கள். புள்ளியை விட்டுச் செயலைப் பிடிப்போம். குவிப்பு என்று சொல்வோம். குவிக்க முடியாதது நிலைக்குவிப்பு, தானே குவித்துக்கொள்வது தன்குவிப்பு. ‘தானியங்கிக் குவிப்பு’ என்று நீட்ட வேண்டியதில்லை, தன் போதும்.

மூன்றாவது ஸோன் போகஸ். ‘மண்டலக் குவிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மண்டலம் என்றால் எனக்கு வானிலை அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது. இந்தக் கேமராவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒலிம்பஸ் ட்ரிப் 35 என்று ஒன்று. 1960களின் இறுதியில் வந்து 1984 வரை லட்சக்கணக்கில் விற்றது. பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் வளையம் வெளிச்சத்தை அளக்கும். வெளிச்சம் போதாவிட்டால் துளைக்குள் சிவப்புத் தகடு ஒன்று எழும்பிப் பொத்தானைப் பூட்டிவிடும். லென்ஸ் வளையத்தில் நான்கு சின்னங்கள்: ஒரு தலை, இரண்டு தலை, ஒரு கூட்டம், ஒரு மலை. எடுப்பவர் எதிரே இருப்பவர் எத்தனை அடியில் நிற்கிறார் என்று மனத்தில் கணக்குப் போட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். அளவுகோல் கிடையாது, கண்தான். நம் வீடுகளில் ரசத்துக்கு உப்பு இப்படித்தான் விழுகிறது. கரண்டியைத் தேடாமல் கண்திட்டமாக. கண்திட்டக் குவிப்பு என்று வைத்தால் என்ன? தமிழில் ஏற்கெனவே புழங்குகிற சொல், விளக்கமும் வேண்டாம். என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்படியென்றால் எனக்குப் படம் சரியாக வரும், உங்களுக்கு வராது” என்றாள்.

இப்போது வாங்குகிறவருக்கு வருகிறேன், ஏனெனில் இந்தச் சொற்கள் கடையில் உதவாவிட்டால் எதற்கு? பழைய கேமராவைக் கையில் வாங்கியவுடன் முகப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். லென்ஸ் வளையத்தில் தலையும் மலையும் இருந்தால் கண்திட்டக் குவிப்பு. லென்ஸுக்கு மேலே ஜோடியாக இரண்டு சிறிய சன்னல்கள் இருந்தால் பெரும்பாலும் தன்குவிப்பு. பொத்தானைப் பாதி அழுத்தினால் துளையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். ஒரே சன்னல் என்றால் ஏமாந்துவிடக் கூடாது, அது வெளிச்சம் அளப்பதற்காக இருக்கலாம். சின்னமும் இல்லை, சன்னல் ஜோடியும் இல்லை, பச்சை விளக்கும் இல்லை என்றால் பெரும்பாலும் நிலைக்குவிப்பு. சுற்றுலாவுக்கும் பள்ளிக்கூடத்துக் குழுப் படத்துக்கும் தாராளமாகப் போதும். குழந்தை முகத்துக்கு ஆகாது. என் அனுபவத்தைத்தான் சொல்லிவிட்டேனே.

அந்தப் பாதி அழுத்தத்துக்கும் சொல் வேண்டும். தன்குவிப்புக் கேமரா பெரும்பாலும் படத்தின் நட்டநடுவைத்தான் பார்க்கிறது. அப்பாவும் அம்மாவும் தோளோடு தோள் நிற்காமல் நம் வழக்கப்படி நடுவில் அரையடி விட்டு நிற்பார்கள். கேமரா அந்த இடைவெளி வழியாகப் போய்ப் பின்னால் உள்ள பீரோவைத் தெளிவாகப் பிடித்துவிடும். முதலில் ஒருவர் முகத்தை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பி, பிறகு முழுதாக அழுத்த வேண்டும். ‘அரை அழுத்தம்’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். ‘குவிப்புப் பூட்டு’ என்றால் சாவி எங்கே என்று கேட்பார்கள்.

பிளாஷுக்கு ஒருவர் ‘மின்வெட்டு ஒளி’ என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் மின்வெட்டின்போது கிடைக்கும் ஒளி மெழுகுவர்த்தியுடையது. பிளாஷ் பிளாஷாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஜூமையும் விட்டுவிடலாம், சிறிய கேமராவில் நீண்ட ஜூமை முழுக்க நீட்டினால் லென்ஸில் வெளிச்சம் நுழையும் வழி எஃப் 10 என்னும் சிறிய அளவை ஒட்டிச் சுருங்கிவிடும், வீட்டுக்குள் குறைந்த வெளிச்சத்துக்கான 400 ஐ.எஸ்.ஓ. சுருள் போட்டாலும் திணறும் என்ற எச்சரிக்கை மட்டும் கையேட்டில் இருந்தால் போதும்.

இனித் தலைச்சொல். ‘அமுக்கு கேமரா’வை முன்மொழிந்த அம்மாவின் வழிதான் சரியான வழி என்று நினைக்கிறேன். 1888இல் கோடக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் நூறு படத்துக்கான சுருளை உள்ளே வைத்தே கோடக் கேமராவை விற்றபோது, பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் விளம்பரம் செய்தார். கடற்கரையில் முன்பின் தெரியாதவரிடம் கேமராவை நீட்டி “இதை அமுக்கினால் போதும்” என்றுதான் நாமும் சொல்கிறோம். ஆனால் அமுக்குவதற்குப் பணத்தை அமுக்குவது, தூக்கத்தில் பேய் அமுக்குவது என்று உறவினர்கள் அதிகம். அதே வேலையைச் செய்யும் நல்ல பிள்ளை ஒன்று இருக்கிறது: சொடுக்கு. ‘சொடுக்கு கேமரா’ என்போம். அந்தச் சின்ன ஓசையும் அதில் கேட்கிறது, சொடுக்குப் போடும் நேரத்தில் முடிந்துவிடும் என்ற எளிமையும் இருக்கிறது.

> சொடுக்கு ஏற்கெனவே கணினிச் சுட்டிக்குப் போய்விட்டது. இரண்டாவது பொருள் ஏற்றினால் குழப்பம் வரும்.

சாட்டையைச் சொடுக்கியவனும் விரலைச் சொடுக்கியவனும் கணினிக்காரர்களிடம் அனுமதி கேட்கவில்லை. தனியாகச் ‘சொடுக்கி’ என்று நான் சொல்லவும் இல்லை; கேமராவோடு சேர்த்துத்தான் சொல்கிறேன், சேர்த்தால் குழப்பம் எங்கே?

எழுத்துப்பிழை பார்க்கும் நண்பருக்கு: ‘சொடுக்குக் கேமரா’ என்று க் போட்டுத் திருத்திவிடாதீர்கள். இது வினைத்தொகை. சொடுக்கிய, சொடுக்குகிற, சொடுக்கும் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. சுடுசோறு, தொடுதிரை போல ஒற்று மிகாது. பிறமொழிப் பெயரோடு வினைத்தொகை சேருமா என்று கேட்டிருந்தீர்கள். பாடநூலில் குவிலென்சு பல காலமாகக் குடியிருக்கிறது, யாரும் அதை வெளியேற்றவில்லை.

‘கேமரா’ கூடாது, ‘ஒளிப்படக் கருவி’ என்றே எழுத வேண்டும் என்பவர்களுடன் இம்முறை வாதாடப்போவதில்லை. நிலைக்குவிப்புச் சொடுக்கு ஒளிப்படக் கருவி என்று ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லிக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா கேட்டது நியாயம்: அங்கே அது கமரா. சொல்லடைவில் இரண்டு வடிவத்தையும் தருகிறேன்.

ஒன்று மட்டும் வேண்டுகோள். நெருங்கி எடுத்தால் துளையில் தெரிந்த தலை படத்தில் வெட்டுப்படுவதற்குப் பாடநூலில் உள்ள பெயர் ‘இடமாறு தோற்றப் பிழை’. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொன்னவுடன் புரிகிற மாதிரி யாரோ ஒரு புண்ணியவான் செய்துவைத்திருக்கிறார். சுருக்குகிறேன், செம்மைப்படுத்துகிறேன் என்று அதில் மட்டும் கைவைக்காதீர்கள். மற்றவற்றுக்குத் திங்கட்கிழமைக்குள் மறுப்பு வந்தால் திருத்துகிறேன். வராவிட்டால் இப்படியே கையேட்டில் ஏற்றிவிடுகிறேன்.