அசெட்டோ கோர்ஸா (கார் ரேஸ் கேம்): பழைய ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-9 மாட் (ரசிகர்கள் கேமுக்குச் செய்த கார்) அப்டேட் செய்தேன், டிராக்குக்கே போகவில்லை. உதவி!

வளைவுராஜா: அவசரம். நாளை ராத்திரி நண்பர்களோடு லீ மான் (பிரான்ஸின் 24 மணி நேர ரேஸ் டிராக்) ஓட்டுகிறோம். இந்த மாடில் டயர் ரொம்பப் பழைய மாடல், வாழைப்பழத் தோலில் போவது போல இருக்கும், அதனால் வெர்ஷன் 10-க்கு மாற்றினேன். இப்போது லோடிங் பாதி ஓடி மெனுவுக்கே துப்பிவிடுகிறது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

சும்மாஓட்டி: சிஎஸ்பி (கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச், கேமை மேம்படுத்தும் துணை மென்பொருள்) போட்டிருக்கிறீர்களா, எந்த வெர்ஷன்? கன்டென்ட் மேனேஜரா, கேமின் சொந்த லாஞ்சரா? மற்ற கார்கள் ஓடுகின்றனவா?

நைட்ஷிப்ட்: கண்டிப்பாக சிஎஸ்பிதான் ப்ரோ. அணைத்துவிட்டுப் பாருங்கள். எனக்கு எல்லாப் பிரச்சினையும் அதில்தான் வந்தது.

ஆயில்கறை: டர்போ பூஸ்ட் மதிப்பு தப்பாக இருந்தாலும் இப்படி ஆகும், என்ஜின் ஃபைலைப் பாருங்கள்.

பழையபிஸ்டன்: எக்ஸ்ஜேஆர்-9-ல் டர்போவா? அது 7 லிட்டர் வி12 தம்பி. டர்போ வந்தது எக்ஸ்ஜேஆர்-10, 11-ல், அவை வி6. கேள்வி கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: "எல்லாம் சரியாக" என்றால் எதையெல்லாம்? லாக் ஃபைலை (கேம் தானே எழுதும் பதிவு) போடாமல் உதவி கேட்டால் இங்கே கிளி ஜோசியம்தான் சொல்ல முடியும். இதைப் பத்து தடவை எழுதியாகிவிட்டது.

வளைவுராஜா: சிஎஸ்பி அணைத்தாலும் அதேதான். மற்ற கார்கள் ஓடுகின்றன. கன்டென்ட் மேனேஜரில் டேட்டாவை அன்பேக் செய்து டயர் ஃபைலை மட்டும்தான் மாற்றினேன்.

நான்காம்கியர்: கார் ஃபோல்டரின் பெயரை மாற்றினீர்களா?

வளைவுராஜா: ஆமாம், பழையது கெடக்கூடாது என்று ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, பெயருக்குப் பின்னால் ஒரு 2 சேர்த்தேன். அது முக்கியமா?

நான்காம்கியர்: அதுதான் முக்கியம். காரின் டேட்டாவைப் பூட்டி வைத்திருக்கும் டேட்டா ஏசிடி ஃபைலைத் திறக்கும் சாவியே ஃபோல்டர் பெயரிலிருந்துதான் உருவாகிறது, பெயரை மாற்றினால் கேமால் அதைப் படிக்க முடியாது. ஏசிடி இருக்கும்வரை பக்கத்திலுள்ள டேட்டா ஃபோல்டரை கேம் கண்டுகொள்ளவும் செய்யாது. புது ஃபோல்டரில் ஏசிடியை மட்டும் அழியுங்கள். அப்புறம் சத்தம் வராது, அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எஸ்எஃப்எக்ஸ் ஃபோல்டரில் பேங்க் ஃபைலுக்கு (சத்தம் இருக்கும் ஃபைல்) புதுப் பெயர் வையுங்கள், ஜியுஐடி டெக்ஸ்ட் ஃபைலுக்குள்ளும் பழைய பெயர் வரும் இடமெல்லாம் மாற்றுங்கள். ஆன்லைன் என்பதால் நண்பர்கள் எல்லோரிடமும் இதே ஃபோல்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் செக்சம் (ஃபைல்கள் ஒன்றா என்று பார்க்கும் சோதனை) சண்டை போடும்.

பழையபிஸ்டன்: நான் கேட்ட லாக்கில் இதெல்லாம் இருந்திருக்கும்.

சும்மாஓட்டி: எந்த டிராக் லேஅவுட்? 1988 கார் என்றால் லீ மானின் முல்சான் நேர்சாலையில் சிகேன் (வேகத்தைக் குறைக்கும் வளைவு) இல்லாததை எடுங்கள், சிகேன்கள் 1990-ல்தான் வந்தன. டேங்கும் 100 லிட்டர்தானா என்று பாருங்கள், பல மாட்களில் அதைவிட அதிகமாக வைத்திருப்பார்கள்.

நைட்ஷிப்ட்: 1988-ல் ஜாகுவார் ஜெயித்ததே போர்ஷே பெட்ரோல் தீர்ந்து நின்றதால்தானே. போர்ஷே டிரைவர் லுட்விக் ஸ்டார்ட்டர் மோட்டாரிலேயே பிட்டுக்கு உருட்டி வந்தார்.

நான்காம்கியர்: 24 மணி நேரத்துக்கு 2,550 லிட்டர் பெட்ரோல் என்ற கணக்கு இரண்டு அணிக்கும் ஒன்றுதான். கணக்கை வைத்து ஓட்டுவதும் ரேஸ்தான். கடைசியில் கியர்பாக்ஸ் போகப்போகிறது என்று தெரிந்ததும் ஜாகுவார் டிரைவர் லாமர்ஸ் நான்காம் கியரை விடவே இல்லை, 394 சுற்று முடித்தார்கள். என் பெயர் அங்கேயிருந்து வந்ததுதான்.

நைட்ஷிப்ட்: பெட்ரோல் தீராமல் இருந்திருந்தால் உங்களுக்கு வேறு பெயர்தான்.

ஆயில்கறை: சரி, மாடில் அந்த கியர்பாக்ஸ் கோளாறு வருமா?

பழையபிஸ்டன்: இழையின் தலைப்பை ஒரு தடவை படியுங்கள்.

வளைவுராஜா: ஓடுகிறது, சத்தமும் வந்துவிட்டது. நன்றி 🙏

சும்மாஓட்டி: டயர் எப்படி? வாழைப்பழத் தோல் போச்சா?

சும்மாஓட்டி: ஹலோ?