'டாக்டர் ஹூ' பழைய கதைகள்: மீண்டும் பார்த்தவர்களின் அனுபவங்கள்

காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பி.பி.சி.யின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வை முதல் பகுதியிலிருந்து வரிசையாகப் பார்த்து, கதைக்குக் கதை விமர்சனக் குறிப்பு எழுதி வைப்பது சில காலமாக என் வழக்கம். ஒரே அமர்வில் ஒரு முழுக்கதை என்றும், வாரத்துக்கு ஒரே ஒரு பகுதி என்றும் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். ஒரே கதைக்கு இரண்டு விதத்திலும் எழுதிய குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான் இதை இங்கே பகிர்கிறேன்.

1960களில் இந்தத் தொடர் சனிக்கிழமை மாலைகளில் சுமார் 25 நிமிடப் பகுதிகளாக ஒளிபரப்பானது. ஒரு கதை நான்கு வாரமோ ஆறு வாரமோ ஓடும். வீட்டில் படத்தைப் பதிவு செய்யும் கருவி புழக்கத்தில் இல்லாத காலம் என்பதால், ஒரே ஒரு முறை பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டுதான் பார்வையாளர் அடுத்த சனிக்கிழமைக்கு வந்தார். நம் வார இதழ்த் தொடர்கதையைப் பைண்டு செய்து ஒரே இரவில் படித்தால், 'இதையே எத்தனை தடவை சொல்வார்' என்று அலுப்புத் தட்டும் அல்லவா? அந்த அலுப்பை எழுத்தாளரின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

1963 டிசம்பர் 21 அன்று தொடங்கி ஏழு வாரம் ஓடிய, எந்திரக் கூட்டுக்குள் வாழும் எதிரிகளான டாலெக்குகளின் முதல் கதையையே எடுத்துக்கொள்ளலாம். ஆளரவமற்ற உலோக நகரத்தின் நடைவழியில் தனியாக மாட்டிக்கொண்ட, டாக்டருடன் பயணிக்கும் ஆசிரியை பார்பரா, தன்னை நோக்கி வரும் எதையோ கண்டு சுவரோடு ஒட்டி நின்று அலறுவதோடு முதல் பகுதி முடிகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது, அவரை நோக்கி நீளும் ஒரு கருவிக் கை மட்டுமே. டெர்ரி நேஷன் எழுதி ரேமண்ட் கியூசிக் வடிவமைத்த அந்த எந்திரத்தின் முழு உருவத்தைப் பார்க்க அன்றைய ரசிகர் ஒரு வாரம் காத்திருந்தார். நமக்கோ டாலெக் எப்படி இருக்கும் என்பது முன்பே தெரியும். இருந்தும், அடுத்த பகுதியை உடனே போடாமல் விட்டபோது அந்த அலறலின் வேலை எனக்குப் புரிந்தது. ஆறாம் பகுதியில் குகைக்குள் செல்லும் குழுவினர் ஒரு பெரும்பள்ளத்தை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டுகிறார்கள். முழுக்கதையாகப் பார்த்த அன்று, 'இந்தத் தாண்டல் முடியவே முடியாதா' என்று குறித்திருக்கிறேன். வாரம் ஒன்றாகப் பார்த்தபோது, கயிற்றில் தொங்கும் குழு உறுப்பினர் அன்டோடஸின் பாரம், டாக்டரின் இன்னொரு பயணத் துணையான இயனை விளிம்புக்கு இழுக்கும் இடத்தில் பகுதி முடிந்து, அந்தக் கவலை பல நாள் கூடவே இருந்தது. அரங்கு அதேதான், நடிப்பும் அதேதான்.

இன்னொன்று. அந்நாளில் வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால், மேடை நாடகத்தைப் போல நீண்ட காட்சிகளை நிறுத்தாமல் பதிவு செய்தார்கள். நடிகர் தடுமாறினாலும் பெரும்பாலும் அப்படியே ஒளிபரப்பில் போகும். 1965இல் வந்த 'தி சேஸ்' கதையில், டாக்டராக முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 'ஸ்பேஸ்' என்பதற்குப் பதில் 'ஸ்பெயின்' என்று சொல்லித் திருத்திக்கொள்கிறார். இத்தகைய இடங்களைக் குற்றப்பட்டியல் போடும் விமர்சனங்கள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. தடுமாறும்போதும் அவர் வேடத்தை விட்டு வெளியே வருவதில்லை. பொறுமையிழந்த ஒரு கிழவரின் அவசரமாக அது பாத்திரத்தோடு கலந்துவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள், தொடரின் முதல் பகுதியின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம் (வாரக் கணக்குக்கு இது மட்டும் விலக்கு). முதலில் எடுத்ததில் டாக்டர் இன்னும் கடுமையானவர். நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் அதை ஏற்காமல் மீண்டும் எடுக்கச் சொன்னார். இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அவருக்கு அப்போது 24 வயது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் முப்பதைத் தொடாதவர். 1963 நவம்பர் 23 அன்று, கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள் ஒளிபரப்பான அந்தப் பகுதியை, அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்பாக மறுபடியும் காட்டினார்கள்.

* * *

வாரம் ஒரு பகுதியாகப் பார்ப்பது பற்றி மேலே எழுதிய நண்பரின் கருத்தில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் எல்லாக் கதைகளுக்கும் எல்லா வாரங்களும் நமக்குக் கிடைப்பதில்லையே. நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கான உரிமைகளோ குறைவு என்பதால், பி.பி.சி. பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. இன்று மிஞ்சியிருப்பவற்றில் பல, வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக எடுக்கப்பட்ட ஃபிலிம் பிரதிகளின் தயவில் தப்பியவை. 2013இல் நடந்த பெரிய மீட்புக்குப் பிறகும் 97 பகுதிகள் காணாமல் போனவையாகவே இருந்தன. அந்தக் காலத்து ரசிகர்கள் தொலைக்காட்சியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்டதால், இவை எல்லாவற்றின் ஒலியும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு' பற்றி. 1967 டிசம்பரில் தொடங்கிய இந்த ஆறு பகுதிக் கதையில் மூன்றாம் பகுதி மட்டுமே நெடுங்காலம் கிடைத்துவந்தது. அதில் ஒரு சமையலறையும், சில அறைகளும், நிறையப் பேச்சும்தான். எனவே கதை முழுவதுமே மந்தமானது என்று ரசிகர் வட்டத்தில் பெயராகிவிட்டது. மற்ற பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து மீட்கப்பட்டு 2013 அக்டோபரில் வெளியானபோது, முதல் பகுதியிலேயே கடற்கரை, ஹோவர்கிராஃப்ட், ஹெலிகாப்டர் என்று இயக்குநர் பாரி லெட்ஸ் ஓடவிட்டிருப்பது தெரியவந்தது. ஹார்ட்னெலுக்கு அடுத்து டாக்டர் வேடத்துக்கு வந்த பேட்ரிக் ட்ரௌட்டன், இதில் டாக்டராகவும், உலகை வளைக்கத் திட்டமிடும் சாலமாண்டராகவும் இரட்டை வேடம் ஏற்றிருக்கிறார். டாக்டர் சாலமாண்டராக நடிக்கும் காட்சிகளில், ஒரு வேடத்தின் மேல் இன்னொரு வேடம் ஒட்டாமல் நிற்பதை அவர் கண்ணிலேயே காட்டிவிடுகிறார். நான்காம் பகுதியில் கதை எங்கே திரும்புகிறது என்பதைச் சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் எந்தக் கதைச்சுருக்கத்தையும் தேடிப் படிக்க வேண்டாம்.

படமே இல்லாத கதைகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. 1964இன் 'மார்கோ போலோ' ஏழு பகுதிகளும் தொலைந்தவை. இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸலின் விவரிப்போடு வந்த ஒலிவடிவத்தை, விளக்கை அணைத்துவிட்டு இரவில் ஒவ்வொரு பகுதியாகக் கேட்டேன். மார்கோ போலோவின் நாட்குறிப்பு அவருடைய குரலிலேயே கதைக்குள் வருவதால், கேட்பதற்கென்றே எழுதியது போல இருந்தது.

* * *

சுருக்கமாக ஒன்று. லண்டனில் சுரங்க ரயிலில் தினமும் வேலைக்குப் போகிற எனக்கு, அதே மீட்பில் கிடைத்த 'தி வெப் ஆஃப் ஃபியர்' (1968) தனி அனுபவம். எட்டிகள் (பனிமனித உருவ எந்திரங்கள்) உலவும் அந்த ரயில் நிலையங்களும் சுரங்கங்களும் அரங்கில் கட்டப்பட்டவை என்று தெரிந்த பிறகும் என் கண் அதை ஏற்க மறுக்கிறது. மூன்றாம் பகுதி மட்டும் இன்னும் வரவில்லை. பிற்பாடு தொடரின் தூண்களில் ஒருவரான ராணுவ அதிகாரி லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் டாக்டரை முதன்முதலாகச் சந்திப்பது அதில்தான் என்பது ரசிகர்களுக்குத் தீராத ஆற்றாமை.

* * *

மேலே உள்ளவற்றைப் படித்ததும், வேகத்தையும் பொறுமையையும் சரிசெய்துகொண்டால் எல்லாப் பழைய கதையும் தேறிவிடும் என்று புதியவர்கள் எண்ணிவிடக் கூடாதே என்று தோன்றியது. 1977இல் வந்த 'தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' கதையை நான் முறைப்படி வாரம் ஒன்றாகவே பார்த்தேன். ராபர்ட் ஹோம்ஸின் உரையாடல் அபாரம். விக்டோரியா கால லண்டனின் மூடுபனியையும் நாடகக் கொட்டகையையும் டேவிட் மலோனி எடுத்திருக்கும் விதத்துக்கு இணையானது அந்தத் தொடரிலேயே அதிகமில்லை. ஆனால் மையமான சீன மந்திரவாதி லி சென் சாங் வேடத்தில், கண்ணையும் முகத்தையும் ஒப்பனையால் மாற்றிக்கொண்டு நடிப்பவர் ஜான் பென்னட் என்ற ஆங்கிலேயர். சுற்றி வரும் சீனர்களோ அநேகமாக அடியாட்கள். 'அந்தக் காலம் அப்படி' என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை, ஏனெனில் அதே கதையில் சிறு வேடங்களில் கிழக்காசிய நடிகர்கள் இருக்கிறார்கள். ஆளே கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பென்னட் நன்றாக நடித்திருக்கிறார் என்பதும், அந்த மந்திரவாதியின் முடிவு உருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதும் உண்மை. அது சங்கடத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

என் குறிப்பில் இந்தக் கதைக்கு மட்டும் மதிப்பெண் இடத்தை நிரப்பவில்லை. நாடகக் கொட்டகை நடத்தும் ஜாகோவும் மருத்துவர் லைட்ஃபுட்டும் ஐந்தாம் பகுதியில் முதன்முறையாகச் சந்திக்கும் காட்சிக்காக இன்னொரு முறை பார்ப்பேன்; ஆனால் தொடருக்குப் புதியவர் யாருக்கும் இதை முதல் கதையாகப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிக் கேட்பவர்களிடம், அதே ஹோம்ஸ் 1984இல் எழுதிய 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசனி'யின் நான்கு பகுதிகளைத்தான் கையில் கொடுக்கிறேன்.